மேகச் சக்கரம், 14 வெள்ளி 90 காசு: டவர் கிரேன் கேபினில் 8 மாதம்

டவர் கிரேன் ஓட்டுவது என் பிழைப்பு. இப்போது சிங்கப்பூரின் தெங்காவில், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிகள் எழும்பும் ஒரு தளத்தில் இருக்கிறேன். என் கேபின் தரையிலிருந்து 60 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. ஏணியில் ஏற 15 நிமிடம், இறங்க 10 நிமிடம், முழங்கால் முரண்டு பிடிக்கும் நாளில் இன்னும் 5. கீழே நிற்பவர்களுக்கு மழை வந்தால் ஓடி ஒதுங்க கன்டெய்னர் இருக்கிறது. நானோ கொக்கியில் தொங்குவதை இறக்கி, அதைக் கட்டிய பெல்ட்டைக் கழற்றச் சொல்லி, ஜிப், அதாவது கிரேனின் நீண்ட கை, காற்றோடு தானாகச் சுற்றும்படி பிரேக்கை விட்டுவிட்டு, அப்புறம்தான் ஏணியைப் பிடிக்க முடியும். இதற்கெல்லாம் மழை வருவதற்கு முன்பே நேரம் வேண்டும். அதனால் வானம் பார்ப்பது எனக்குப் பொழுதுபோக்கு இல்லை. மேகத்தின் வகையைக் கண்டுபிடிக்க உதவும் ஒரு பிளாஸ்டிக் சக்கரத்தை 8 மாதம் பயன்படுத்திப் பார்த்த கதை இது.

கைபேசியில் மழை ரேடார் பார்க்கலாமே என்று கேட்பீர்கள். பார்க்கலாம், நன்றாகவே இருக்கிறது, காசும் இல்லை. ஆனால் எங்கள் தளத்தில் கேபினுக்குள் கைபேசியைத் தொடக் கூடாது. அணைத்துப் பையில் போட்டுவிட வேண்டும். வாக்கி டாக்கி, காற்று வேகம் காட்டும் மீட்டர், இரண்டு கண். என்னிடம் இருப்பது அவ்வளவுதான்.

போன அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேக்காவில் சாப்பிட்டுவிட்டு வெயில் தாழ பிராஸ் பசா காம்ப்ளெக்ஸ் வரை நடந்தேன். மகளுக்கு ஜியோமெட்ரி பாக்ஸ் வாங்க அங்கே ஒரு கடைக்குள் போனவன், வரைபடங்கள் அடுக்கியிருந்த மூலையில் இந்தச் சக்கரத்தைப் பார்த்தேன். இரண்டு வட்டப் பிளாஸ்டிக் தகடுகள், நடுவில் ஒரு ரிவெட். நாம் டிபன் சாப்பிடும் சின்ன எவர்சில்வர் தட்டின் அளவு. விளிம்பில் மூன்று நிறப் பட்டைகள்: தாழ்வு, இடை, உயரம். வேண்டிய பட்டைக்குத் திருப்பினால் மேல் தகட்டில் வெட்டிய ஜன்னலில் அந்த உயரத்து மேகங்களின் படமும் பெயரும் வரும். இங்கிலாந்துக் கம்பெனி ஒன்றின் தயாரிப்பு. நிறைய குறை சொல்லப் போகிறேன், அதனால் பெயர் வேண்டாம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். இது மேகத்தை எப்படிப் பார்ப்பது என்று பழக்குகிறது. கேட்பது இரண்டே கேள்வி: எவ்வளவு உயரம், என்ன உருவம். உருவத்துக்கு நான்கு லத்தீன் சொற்கள். சிரஸ் என்றால் தலைமுடிச் சுருள், குமுலஸ் என்றால் குவியல், ஸ்ட்ரேட்டஸ் என்றால் விரிப்பு, நிம்பஸ் என்றால் மழை. இவற்றை ஒன்றோடொன்று கோத்து, நடு அடுக்குக்கு மட்டும் 'ஆல்ட்டோ' என்று முன்னால் சேர்த்தால் 10 வகை மேகமும் வந்துவிடும். இந்த நான்கு பெயரையும் முதலில் சூட்டியவர் லூக் ஹோவர்டு என்று பின்பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள். லண்டனில் மருந்தும் ரசாயனமும் தயாரித்து விற்றவர், 1802-ல் ஒரு சொற்பொழிவில் இதைச் சொன்னாராம். வானத்துக்கும் அவர் தொழிலுக்கும் சம்பந்தமே இல்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

லத்தீன் பெயர் என் வாயில் நுழைந்தாலும் மண்டையில் தங்கவில்லை. அன்று இரவு வீடியோ காலில் ஊரில் இருக்கும் மகளிடம் சக்கரத்தைக் காட்டினேன். அவள் அப்போது ஒன்பதாம் வகுப்பு. சமூக அறிவியல் புத்தகத்தை எடுத்துவந்து கடகடவென்று வாசித்தாள்: கீற்று, கீற்றுத்திரள், கீற்றுப்படை, இடைப்பட்ட திரள், இடைப்பட்ட படை, படைத்திரள், படை, கார்படை, திரள், கார்திரள். "இதுக்குப் போயி 15 வெள்ளியாப்பா?" என்றாள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் லத்தீனைவிட நம் பாடநூல் பெயர்கள் தெளிவாக இருக்கின்றன. நடு அடுக்கு மேகங்களுக்கு லத்தீனில் 'ஆல்ட்டோ' என்று உயரத்தைக் குறிக்கும் சொல்லை வைத்துவிட்டு, அதற்கும் மேலே வேறொரு கூட்டத்தை வைத்திருக்கிறார்கள். தமிழில் 'இடைப்பட்ட' என்றால் குழப்பமே இல்லை. பத்துப் பெயரையும் வெள்ளை ஸ்டிக்கரில் எழுதி ஒட்டிக்கொண்டேன்.

இந்தச் சக்கரத்தில் கொடுத்த காசுக்கு மேல் பெறுமானம் உள்ள இடம் ஒன்று உண்டு. பின்பக்கத்தில் இருக்கும் விரல் கணக்கு. வானத்தில் பஞ்சுத் துண்டுகள் வரிசை வரிசையாக நிற்கும்போது அது கீற்றுத்திரளா, இடைப்பட்ட திரளா, படைத்திரளா என்று சும்மா பார்த்துச் சொல்ல முடியாது. மூன்றும் அண்ணன் தம்பி மாதிரி. கையை முன்னால் முழுக்க நீட்ட வேண்டும். ஒரு துண்டு சுண்டுவிரல் அகலத்துக்குள் மறைந்தால் கீற்றுத்திரள். சுண்டுவிரலைத் தாண்டி, நடு மூன்று விரலுக்குள் அடங்கினால் இடைப்பட்ட திரள், எங்கள் ஊர்ப் பாடநூல் 'செம்மறி ஆட்டு மேகம்' என்று சொல்வது. மூன்று விரலுக்கும் மேல் போனால் படைத்திரள். தலைக்கு மேல் நன்றாக ஏறிய மேகத்தில்தான் இதைச் செய்ய வேண்டும். அடிவானத்தில் இருப்பது தூரத்தால் சிறுத்துத் தெரிந்து ஏமாற்றிவிடும். கையுறையோடு அளந்து முதல் வாரம் முழுக்கத் தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

சக்கரத்தில் இல்லாத, நானே கண்டுபிடித்த அளவுகோல் ஒன்றும் உண்டு. வானம் முழுக்க வெள்ளையாக மூடியிருக்கிறது, சூரியன் மங்கலாகத் தெரிகிறது. அது உயரத்துக் கீற்றுப்படையா, நடு அடுக்குப் படையா? குனிந்து கீழே பார்ப்பேன். என் ஜிப்பின் நிழல் மண்ணில் விழுந்தால் கீற்றுப்படை. நிழலே இல்லாமல், சூரியன் தேய்த்த கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற மாதிரி தெரிந்தால் இடைப்பட்ட படை. ஓவர்டைம் நாட்களில் இன்னொரு வழி: மாலை 7 மணிக்கு மேல் தாழ்ந்த மேகங்கள் முதலில் சாம்பலாகிவிடும். அதற்கு மேலே இன்னும் ரோஜா நிறத்தில் எது மின்னுகிறதோ அது உயரத்து மேகம். சூரியன் இறங்கிய பிறகும் அதற்கு மட்டும் வெளிச்சம் எட்டுகிறது.

சரி, குறைகளுக்கு வருகிறேன்.

முதல் குறை உயரம். மூன்று பட்டையையும் உயரத்தை வைத்தே பிரித்திருக்கும்போது அதில் தப்பு செய்யலாமா? உயரத்து மேகம் 5 முதல் 13 கிலோமீட்டர், இடை 2 முதல் 7, தாழ்வு 2-க்குள் என்று அச்சடித்திருக்கிறார்கள். இங்கிலாந்துக்கு அது சரி. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் காற்று மண்டலமே தடிமன், மேகங்கள் அதிக உயரம் ஏறும். உலக வானிலை அமைப்பின் கணக்குப்படி வெப்ப மண்டலத்தில் உயரத்து மேகம் 6 முதல் 18 கிலோமீட்டர், இடை 2 முதல் 8. தாழ்வு மட்டும் எங்கும் 2-க்குள். துருவப் பக்கம் போனால் உயரத்து மேகமே 3 கிலோமீட்டரில் தொடங்கிவிடும். ஒரே சக்கரத்தை உலகம் முழுக்க விற்பவர்கள் மூன்று வரி கூடுதலாக அடித்திருக்கலாம். நான் மார்க்கர் பேனாவால் திருத்தினேன். வியர்வையில் அழிந்தது. திரும்பவும் ஸ்டிக்கர்.

தாழ்ந்த மேகத்தின் அடி எவ்வளவு உயரம் என்பதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு, அதையும் இவர்கள் போடவில்லை. வெப்பநிலைக்கும் பனிநிலைக்கும், அதாவது காற்றிலுள்ள ஈரம் பனித்துளியாகத் தொடங்கும் வெப்பநிலைக்கும், எத்தனை டிகிரி வித்தியாசமோ அதை 125-ஆல் பெருக்கினால் திரள் மேகத்தின் அடி ஏறக்குறைய எத்தனை மீட்டரில் இருக்கும் என்று வரும். இங்கே பகல் 31 டிகிரி, பனிநிலை 25 என்று வைத்துக்கொண்டால் 750 மீட்டர். புக்கித் தீமா குன்றே 163 மீட்டர்தான். அந்தக் குன்றின் மேல் இன்னும் மூன்று நான்கு குன்றுகளை அடுக்கினால் மேகம் தலையில் இடிக்கும். சிங்கப்பூரின் காற்று அவ்வளவு ஈரம்.

இரண்டாவது குறை அந்த மழை ஜோசியப் பட்டியல். கீற்று தடித்துக் கீற்றுப்படையானால், சூரியனையோ நிலாவையோ சுற்றி வட்டம் தெரிந்தால், ஒரு நாளுக்குள் மழை என்கிறது. படித்ததும் என் அப்பத்தா ஞாபகம் வந்தது. நிலாவைச் சுற்றி வட்டம் கட்டினால் "அகல வட்டம் பகல் மழை" என்று சொல்லிவிட்டு விறகை உள்ளே எடுத்து வைக்கும். அட, இங்கிலாந்துக்காரரும் அப்பத்தாவும் ஒரே கட்சி என்று சந்தோஷப்பட்டு, எட்டு மாதம் நோட்டில் குறித்தேன். கையை நீட்டி விரல்களை அகல விரித்தால் கட்டைவிரல் நுனிக்கும் சுண்டுவிரல் நுனிக்கும் உள்ள தூரம்தான் சூரியனுக்கும் வட்டத்துக்கும் உள்ள தூரம், ஏறக்குறைய 22 டிகிரி. சூரியனை ஜிப்புக்குப் பின்னால் மறைத்துக்கொண்டுதான் பார்ப்பேன், நீங்களும் நேராகப் பார்க்காதீர்கள். வட்டம் நிறைய நாள் வந்தது. அடுத்த நாள் மழையோ பாதிக்கு மேல் பொய்த்தது.

காரணம் யோசித்தால் புரிகிறது. இங்கிலாந்தில் சூடான காற்றுத்தொகுதி குளிர்ந்த காற்றின் மேல் சாய்வாக ஏறி வரும். முதலில் கீற்று, அப்புறம் கீற்றுப்படை, இடைப்பட்ட படை, கடைசியில் கார்படை என்று ஊர்வலம் மாதிரி வரிசையாக வரும். ஊரிலும் வங்கக் கடலில் புயல் சின்னம் உருவாகும்போது அதன் உச்சியிலிருந்து கீற்று மேகங்கள் வெளியே பரவி முன்னால் வந்துவிடும், அதனால் அப்பத்தாவின் கணக்கில் அர்த்தம் உண்டு. இங்கே அந்த ஊர்வலமே கிடையாது. நமக்கு மேலே தெரியும் கீற்றுப்படை பெரும்பாலும் எங்கோ பெய்து முடித்த இடிமழையின் மிச்சம். வரப்போவதைச் சொல்லாது, போனதைத்தான் சொல்லும். பட்டியலில் சிங்கப்பூருக்குப் பொருந்துவது கார்படை ஒன்றுதான்: உருவமே இல்லாத ஈயச் சாம்பல் நிறம், விடாத மழை. வடகிழக்குப் பருவக்காற்று வலுக்கும்போது, 2025 ஜனவரியில் கொட்டியதே, அந்த மாதிரி நாட்களில் அதைப் பார்க்கலாம். அன்றைக்கு எப்படியும் கிரேன் வேலை பாதிதான்.

மூன்றாவது குறைதான் என்னால் மன்னிக்க முடியாதது.

மே மாதத்தில் ஒரு காலை, 8.20 இருக்கும். என் தலைக்கு மேல் நல்ல வெயில். மேற்கே, துவாஸ் பக்கம் அடிவானத்தில் ஒரு கருப்புப் பட்டை. முதலில் புகை என்று நினைத்தேன். இரண்டு லோடு தூக்கி வைத்துவிட்டுத் திரும்பினால் பட்டை தடித்திருக்கிறது. முன்விளிம்பு வழவழப்பாக, சுருட்டி வைத்த கோரைப்பாய் போல வடக்கிலிருந்து தெற்கு வரை ஒரே நீளம். அதற்குக் கீழே வெளிறிய சாம்பல் சுவர். சக்கரத்தை எடுத்துத் திருப்பினேன். தாழ்வுப் பட்டை. படை மேகமா? அது இப்படி உருளாது. படைத்திரளா? விரல் கணக்குக்கு அடங்கவில்லை. கார்திரளா? ஜன்னலில் தெரியும் படத்துக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

வாக்கி டாக்கியில் சிக்னல்மேன் தம்பி: "அண்ணே, அடுத்து கம்பிக் கட்டு. எடுத்துரலாமா?"

"வேணாம் தம்பி. பெல்ட்டைக் கழட்டிரு. நான் எறங்குறேன்."

"வெயிலுதானே அடிக்குது?"

"மேக்க பாரு."

அவன் நிற்கும் இடத்திலிருந்து மேற்கே பதினைந்து மாடிக் கட்டடம் மறைக்கிறது, அவனுக்கு ஒன்றும் தெரியாது. கொக்கியை மேலே ஏற்றி, ஜிப் சுற்றாமல் பிடிக்கும் ஸ்லூ பிரேக்கை விட்டு, பூட்டிவிட்டு இறங்கினேன். ஏணியில் பாதி வந்தபோது தளத்தின் மின்னல் எச்சரிக்கை விளக்கு சுழல ஆரம்பித்தது. கடைசித் தட்டுக்கு வந்தபோது காற்று சட்டென்று குளிர்ந்தது, ஃப்ரிட்ஜைத் திறந்த மாதிரி. தரையில் கால் வைத்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, தகரங்கள் பறக்கத் தொடங்கின. ஜிப் மேலே தானாகவே சுற்றி, காற்றுக்கு வழிவிட்டு நின்றது.

அதுதான் சுமத்ரா காற்று. இடிமழைகள் வரிசையாகக் கோத்து, சுமத்ரா, மலாக்கா நீரிணைப் பக்கமிருந்து கிழக்கே நகர்ந்து வரும். ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை, பெரும்பாலும் விடியலுக்கு முன்னும் காலையிலும். வீச்சு மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர். நான் பார்த்த பாய்ச்சுருளுக்கு ஆர்க்கஸ் என்று பெயர். மழையோடு கீழே விழுந்த குளிர்ந்த காற்று தரையில் மோதி முன்னால் பரவி, எதிரே இருக்கும் வெப்பமான ஈரக் காற்றை நெம்பி மேலே தூக்குகிறது. அந்த இடத்தில்தான் இந்த உருளை. ஆர்க்கஸ் தனி வகை இல்லை, கார்திரளின் ஒரு துணை உறுப்பு. அதனால் 10 வகைச் சக்கரத்தில் இடம் கொடுக்கவில்லை. இலக்கணப்படி சரி. ஆனால் சிங்கப்பூரின் மேற்குக் கோடியில் உயரத்தில் வேலை பார்ப்பவனுக்கு அந்தப் பத்தில் ஐந்தை எடுத்துவிட்டு இந்த ஒன்றைக் கொடுத்திருந்தால் போதும்.

கார்திரளையாவது ஒழுங்காகக் காட்டியிருக்கிறார்களா? இல்லை. அடி தாழ்வாக இருப்பதால் அதைத் தாழ்வுப் பட்டையில் வைத்திருக்கிறார்கள், சரி. ஆனால் அதன் தலை இங்கே 15 கிலோமீட்டருக்கு மேலேயும் போகும், விமானங்கள் பறக்கும் உயரத்தையும் தாண்டி. ஜன்னல் சின்னது என்பதால் படத்தில் தலையையே வெட்டிவிட்டார்கள்! கொல்லன் பட்டறை அடைகல் போல மேலே தட்டையாக விரியும் அந்தத் தலைதானே அடையாளம். யானைப் படம் போட்டுத் தும்பிக்கையை வெட்டிய கதை.

உண்மையில் அந்தத் தலை விரிவதற்கு முன்பே ஒரு குறி தெரியும். காலை 10.30-க்குச் சின்னச் சின்னத் திரள்கள், பொரி உருண்டை மாதிரி. உச்சிவேளைக்குள் சில காலிஃபிளவர் போல மேலே குமுறும். அதன் விளிம்பு கத்தியால் வெட்டியது போலக் கூர்மையாக இருக்கும்வரை உச்சியில் தண்ணீர்த் துளிதான். விளிம்பு மங்கி, சிக்குப்பிடித்த நூல் போல இழையத் தொடங்கினால் உச்சி பனிக்கட்டியாகிவிட்டது, இனி அது திரள் இல்லை, கார்திரள். அந்த மாற்றத்தைப் பார்த்தவுடன் நான் மேலே குடிக்கக் கொண்டுபோன தண்ணீர்ப் போத்தலைப் பையில் போட்டுவிடுவேன். இதைச் சக்கரம் சொல்லித் தரவில்லை. ஆனால் சக்கரம் வந்த பிறகுதான் விளிம்பைப் பார்க்கவே ஆரம்பித்தேன், அதையும் சொல்ல வேண்டும். எச்சரிக்கை விளக்குக்கு இது மாற்று இல்லை. மழைக்கு வெளியே வெகுதூரம் தள்ளியும் மின்னல் விழும்.

தயாரிப்புத் தரம் சுமார். மேல் தகடு பளபளவென்று இருப்பதால் கேபின் கண்ணாடி வெளிச்சத்தில் என் முகம்தான் தெரிகிறது. எழுத்து பொடி, வெள்ளெழுத்து வந்தவர்கள் கண்ணாடி போட வேண்டும். நடு ரிவெட் மூன்றாவது மாதமே துருப்பிடித்து, திருப்பும்போது கிறீச்சிட்டது, ஐந்தாவது மாதம் கழன்றே விட்டது. தளத்து ஃபிட்டர் ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் நட்டும் போட்டுக் கொடுத்தார். இப்போது ஒரிஜினலைவிட வழுக்கலாகச் சுற்றுகிறது. படங்கள் எல்லாம் பச்சை வயலுக்கு மேலே நீல வானம். புகைமூட்ட நாட்களில் நம் வானம் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருக்கும்போது எந்த ஜன்னலும் உதவாது.

வாங்கலாமா என்றால், உயரத்துக்காக வாங்காதீர்கள், மழை ஜோசியத்துக்காகவும் வேண்டாம். உருவம் பழக, விரல் கணக்குக்கு, பிள்ளைகளோடு மாடி நடைபாதையில் நின்று விளையாட வாங்கலாம். சர்வதேச மேக அட்லஸ் 1896-ல் முதலில் வந்தது, உலக வானிலை அமைப்பின் 2017 பதிப்பு இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது, ஆர்க்கஸ் உட்பட எல்லாம் அதில் உண்டு. ஆனால் அதைக் கேபினுக்குள் கொண்டுபோக முடியாது. ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். விரல் கணக்கு இல்லையென்றால் இரண்டு.

போன மாதம் அதே கடையில் இன்னொன்று வாங்கிவிட்டேன். விலை ஏறவில்லை. 15 வெள்ளியா என்று கேட்டவள்தான், "எனக்கும் ஒண்ணு வாங்கிட்டு வாங்கப்பா, உங்க அப்பத்தா சொன்ன வட்டத்தை நான் இங்க குறிக்கிறேன்" என்கிறாள். ஊருக்குப் போகும் பெட்டியில் துணிகளுக்கு நடுவே வைத்திருக்கிறேன். ஸ்டிக்கர் ஒட்டியாகிவிட்டது, தலை வெட்டிய கார்திரளுக்குப் பக்கத்தில் பேனாவால் அடைகல் வரைந்தாகிவிட்டது, ரிவெட்டைக் கழற்றி போல்ட்டும் போட்டாகிவிட்டது.